அணு எரிபொருளின் கணக்கும் மக்களின் உரிமையும்

(திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் தமிழ்த் தோழர்களுக்காக நடைபெற்ற அறிவியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஸ்ரீவராகத்திலிருந்து கூடங்குளம் நேர்கோட்டில் நூறு கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் உள்ளது. அங்கு உற்பத்தியாகும் மின்சாரத்தில் தமிழ்நாடு, கர்நாடகம், புதுச்சேரி ஆகியவற்றுக்குப் பங்கு இருப்பதுபோலக் கேரளத்துக்கும் பங்கு உண்டு. மின்சாரம் கம்பி வழியே வந்து சேர்ந்து, செலவாகி முடிந்துவிடுகிறது. ஆனால் அதை ஈன்ற எரிபொருள் முடிந்துவிடுவதில்லை. உலையில் எரிந்த யுரேனியத்துக்குள் என்ன பிறந்திருக்கிறது, எவ்வளவு பிறந்திருக்கிறது, அது எத்தனை காலம் நீடிக்கும் என்பன அறிவியல் கேள்விகள். அந்தக் கணக்கை யார் பார்க்கலாம், யார் கேள்வி கேட்கலாம் என்பது அரசியல் கேள்வி. முதலாவதை விளங்கிக்கொள்ளாமல் இரண்டாவதைப் பேசினால் அது வெறும் அச்சமாகவோ வெறும் நம்பிக்கையாகவோ முடிந்துவிடும். ஆகவே அறிவியலிலிருந்தே தொடங்க வேண்டும்.

பிளவில் பிறப்பவை

1938 டிசம்பரில் பெர்லினில் ஓட்டோ ஹானும் ஃபிரிட்ஸ் ஸ்ட்ராஸ்மானும் யுரேனியத்தின் மீது நியூட்ரான்களைச் செலுத்தி ஆராய்ந்தபோது, அதில் பேரியம் என்னும் இலேசான தனிமம் தோன்றியிருப்பதைக் கண்டனர். நாஜி ஆட்சியினால் நாட்டை விட்டு வெளியேற நேர்ந்த லிசே மைட்னர், தம் உறவினர் ஓட்டோ ஃபிரிஷுடன் சேர்ந்து இதற்கு விளக்கம் அளித்தார். யுரேனியத்தின் அணுக்கரு இரண்டாகப் பிளந்திருக்கிறது என்பதே அந்த விளக்கம்.

ஒவ்வொரு பிளவிலும் பெரும்பாலும் இரு துண்டுகள் உண்டாகின்றன. அவை சமமான துண்டுகள் அல்ல. ஒன்றின் நிறை எண் 95ஐ ஒட்டியும் மற்றதன் நிறை எண் 140ஐ ஒட்டியும் அமைவதே மிகுதி. எந்த இரட்டை பிறக்கும் என்பது ஒவ்வொரு பிளவிலும் வேறுபடுவதால், எரிந்த எரிபொருளில் முப்பதுக்கும் மேற்பட்ட தனிமங்களின் நூற்றுக்கணக்கான ஐசோடோப்புகள் கலந்து கிடக்கின்றன. இவற்றையே அணுப்பிளவு விளைபொருள்கள் என்கிறோம்.

இவற்றுள் சிலவற்றை ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். அயோடின்-131இன் அரை ஆயுட்காலம் 8 நாள். அது தைராய்டு சுரப்பியில் சேர்கிறது. சீசியம்-137க்கு 30 ஆண்டு. உடல் அதைப் பொட்டாசியம்போல ஏற்றுக்கொள்கிறது. ஸ்ட்ரான்சியம்-90க்கு ஏறத்தாழ 29 ஆண்டு. அது சுண்ணாம்புச் சத்தைப்போல எலும்பில் படிகிறது. டெக்னீசியம்-99க்கு இரண்டு இலட்சம் ஆண்டுகளுக்கும் மேல். அரை ஆயுட்காலம் பத்து முறை கழிந்தால் பொருளின் அளவு ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறையும். அதாவது சீசியம்-137ஐ 300 ஆண்டுகளுக்குப் பாதுகாக்க வேண்டும். இந்தியாவில் ஆங்கிலேயக் கம்பெனி ஆட்சி நிலைபெற்றது முதல் இன்று வரை கழிந்துள்ள காலம்கூட அவ்வளவு இல்லை.

எரிவு என்னும் அளவு

பொறியாளர்கள் 'பர்ன்அப்' என்று அழைப்பதைத் தமிழில் எரிவு எனலாம். ஒரு டன் எரிபொருள் உலையிலிருந்து வெளியே எடுக்கப்படும் வரை எவ்வளவு வெப்ப ஆற்றலைத் தந்திருக்கிறது என்பதே எரிவு. அதன் அலகு, டன்னுக்கு இத்தனை மெகாவாட்-நாள் என்பதாகும்.

இந்த அலகில் ஒரு வசதி உண்டு. ஒரு பிளவில் கிடைக்கும் ஆற்றலைக் கொண்டு கணக்கிட்டால், ஒரு மெகாவாட்-நாள் வெப்பத்துக்கு ஏறத்தாழ 1.05 கிராம் யுரேனியம் பிளவுற வேண்டும். பிளவுற்ற நிறை அனைத்தும், மிகச் சிறிய பங்கு நீங்கலாக, விளைபொருள்களாகவே எஞ்சுகிறது. ஆகவே எரிவைத் தெரிந்துகொண்டால் ஒரு டன்னில் எத்தனை கிலோ விளைபொருள் உள்ளது என்பதை யாரும் மனக்கணக்காகச் சொல்லிவிடலாம்.

கல்பாக்கத்தில் உள்ளவை போன்ற கனநீர் உலைகள் இயற்கை யுரேனியத்தை எரிக்கின்றன. அவற்றின் எரிவு டன்னுக்கு ஏறத்தாழ 7,000 மெகாவாட்-நாள். அப்படியானால் ஒரு டன்னில் 7 கிலோவுக்குச் சற்று மேல். கூடங்குளத்தின் ரஷ்ய உலைகள் செறிவூட்டிய யுரேனியத்தை எரிப்பவை. அவற்றின் எரிவு டன்னுக்கு 40,000 மெகாவாட்-நாளைத் தாண்டுகிறது. அங்கு ஒரு டன்னில் 42 கிலோவுக்கு மேல். கல்பாக்கத்தின் சோதனை ஈனுலை 1985 அக்டோபரில் இயங்கத் தொடங்கியது. யுரேனியமும் புளூட்டோனியமும் கலந்த கார்பைடு எரிபொருளில் அது 1,65,000 மெகாவாட்-நாள் வரை எரிவை எட்டியது. இது இந்திய விஞ்ஞானிகளும் தொழிலாளர்களும் பொதுத்துறையில் நிகழ்த்திய சாதனை என்பதைப் பெருமையுடன் சொல்லலாம்.

'எரிவை உயர்த்தினால் கழிவு குறையும்' என்று விளம்பரங்கள் கூறுகின்றன. இது பாதி உண்மை. வெளியே எடுக்கப்படும் எரிபொருளின் டன் கணக்கு குறையும் என்பது உண்மையே. ஆனால் அதே அளவு வெப்பத்தைப் பெறுவதற்கு அதே எண்ணிக்கையில் அணுக்கள் பிளந்தாக வேண்டும். ஆகவே விளைபொருள்களின் மொத்த நிறை குறைவதில்லை. குறைந்த டன்னில் அது செறிந்து கிடக்கிறது. ஒவ்வொரு டன்னும் கூடுதல் சூட்டோடும் கூடுதல் கதிர்வீச்சோடும் வெளிவருகிறது. தோரியத்துக்கும் இதே விதிதான். மணவாளக்குறிச்சி, சவறா கடற்கரை மணலில் உள்ள தோரியம் உலையில் யுரேனியம்-233 ஆக மாறும். அது பிளந்தாலும் சீசியமும் ஸ்ட்ரான்சியமும் பிறக்கவே செய்யும்.

வில்லைக்குள் நடப்பது

எரிபொருள் சிறு சிறு வில்லைகளாக, சிர்க்கோனியக் கலவையால் ஆன மெல்லிய குழாய் உறைக்குள் அடுக்கப்பட்டிருக்கிறது. விளைபொருள்களுக்கும் வெளியுலகுக்கும் இடையில் முதலில் நிற்பது வில்லை. அடுத்து நிற்பது அந்த உறை.

நூறு பிளவுகளில் பிறக்கும் இருநூறு துண்டுகளில் 25 முதல் 30 வரை செனான், கிரிப்டான் என்னும் வாயுக்களாக எஞ்சுகின்றன. திடப்பொருளுக்குள் வாயு பிறந்தால் அதற்கு இடம் வேண்டும். அது நுண்ணிய குமிழ்களாகத் திரள்கிறது, வில்லை உப்புகிறது. வில்லையின் நடுப்பகுதி ஆயிரம் பாகை செல்சியசைத் தாண்டிய சூட்டில் இருக்கும்போது குமிழ்கள் ஒன்றோடொன்று இணைந்து, வழி ஏற்படுத்திக்கொண்டு, வில்லைக்கும் உறைக்கும் இடையிலுள்ள இடைவெளிக்கு வந்துவிடுகின்றன. அங்கே உறையின் உள்ளழுத்தம் ஏறுகிறது. செனான் வெப்பத்தைக் கடத்துவதில் மந்தமானது. ஆகவே வில்லையின் சூடு மேலும் ஏற, மேலும் வாயு வெளியேறுகிறது. அயோடின் உறையின் உட்புறத்தை அரித்து வெடிப்பு உண்டாக்கவும் கூடும்.

எரிவு ஏற ஏற இவை அனைத்தும் கூடுகின்றன. மிக உயர்ந்த எரிவில் வில்லையின் விளிம்புப் பகுதி நுண்துளைகள் நிறைந்த புதிய அமைப்பாகவே மாறிவிடுகிறது. எனவேதான் ஒழுங்குமுறை அமைப்புகள் எரிவுக்கு எல்லை வகுக்கின்றன. அமெரிக்காவில் எரிகோல் ஒன்றின் சராசரி எரிவு டன்னுக்கு 62,000 மெகாவாட்-நாளைத் தாண்டக் கூடாது என்பது நெடுங்கால எல்லை. அந்த எல்லையை உயர்த்தும்படி அங்குள்ள நிறுவனங்கள் கோரி வருகின்றன. எரிபொருளை மாற்றுவதற்காக உலையை நிறுத்தும் நாள்கள் குறைந்தால் விற்பனைக்குரிய மின்சாரம் கூடும் என்பதே அதன் பொருளாதாரம். கூடங்குளத்திலும் 2022 முதல் புதிய வகை எரிபொருள் இடப்பட்டு, 12 மாதச் சுழற்சி 18 மாதமாக நீட்டிக்கப்பட்டு வருகிறது. தகுந்த சோதனையுடன் செய்தால் இதில் தவறில்லை. ஆனால் சோதனையின் முடிவுகள் மக்கள் முன் வைக்கப்பட வேண்டும்.

கணக்கு எவ்வாறு போடப்படுகிறது

இயங்கும் உலைக்குள் கைவிட்டு எண்ண முடியாது. ஆகவே விளைபொருள்களின் அளவு கணக்கீட்டின் மூலமே அறியப்படுகிறது. இக்கணக்கு ஒரு பேரேட்டைப் போன்றது. ஒவ்வொரு ஐசோடோப்புக்கும் ஒரு பக்கம். பிளவில் நேரடியாகப் பிறப்பது, தாய் ஐசோடோப்பு சிதைந்து வருவது, வேறொரு ஐசோடோப்பு நியூட்ரானை விழுங்கி மாறி வருவது ஆகியன வரவு. தானே சிதைவதும், தானே நியூட்ரானை விழுங்கி வேறாக மாறுவதும் செலவு. ஒன்றின் செலவு மற்றொன்றின் வரவாகிறது. இத்தகைய சங்கிலிக்கான கணிதத் தீர்வை ஹாரி பேட்மேன் 1910ஆம் ஆண்டிலேயே அளித்துவிட்டார். அணுப்பிளவு கண்டறியப்படுவதற்கு 28 ஆண்டுகளுக்கு முன்பே.

அணுஉலையில் சிக்கல் என்னவெனில், வரவு-செலவு விகிதங்களே மாறிக்கொண்டிருக்கின்றன. யுரேனியம்-235 குறைகிறது. யுரேனியம்-238 நியூட்ரானை விழுங்கிப் புளூட்டோனியம்-239 ஆக மாறி, அதுவும் பிளவுறத் தொடங்குகிறது. விளைபொருள்களில் சில நியூட்ரான்களைத் தின்று தீர்க்கின்றன. ஆகவே காலத்தைச் சிறு கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூறின் முடிவிலும் நியூட்ரான் பரவலை மீண்டும் கணக்கிட்டு, அடுத்த கூறுக்குச் செல்கின்றனர். இது கணினியின் வேலை.

கணினி தரும் விடை சரியா என்பதைச் சோதிக்கவும் வழி உண்டு. எரிந்த வில்லை ஒன்றைத் தடித்த சுவர்களுக்குப் பின்னால் இயந்திரக் கைகளால் எடுத்து, அமிலத்தில் கரைத்து, அதிலுள்ள நியோடிமியம்-148இன் அளவைக் காண்கின்றனர். யுரேனியம் பிளந்தாலும் புளூட்டோனியம் பிளந்தாலும் அது ஏறத்தாழ ஒரே விகிதத்தில் பிறக்கிறது, சிதைவதில்லை, பிறந்த இடத்தை விட்டு நகர்வதுமில்லை. ஆகவே அது பிளவுகளின் எண்ணிக்கைக்கு நம்பகமான சாட்சியாகிறது. இத்தகைய ஆய்வுக்கூடங்கள் மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்திலும் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்திலும் உள்ளன.

கணக்கைப் புறக்கணித்த இடங்கள்

1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபிலில் நேர்ந்த விபத்துக்கு உலை வடிவமைப்பின் குறைகள் அடிப்படைக் காரணம். அக்குறைகளை வெளிக்கொண்டு வந்த நிகழ்வுகளில் ஒரு பிளவு விளைபொருளுக்குப் பங்கு உண்டு. செனான்-135 என்னும் அவ்வாயு, அறியப்பட்ட பொருள்களில் நியூட்ரானை மிக வலுவாக விழுங்குவனவற்றுள் முதன்மையானது. உலையின் திறன் குறைக்கப்பட்டால், ஏற்கெனவே பிறந்த அயோடின்-135 சிதைந்து செனானாகக் குவிகிறது. அதை எரித்துத் தீர்க்கப் போதிய நியூட்ரான்கள் இல்லை. அன்றிரவு திறன் சரிந்த உலையை மீண்டும் உயர்த்துவதற்காகக் கட்டுப்பாட்டுக் கோல்கள் அளவுக்கு மீறி வெளியே இழுக்கப்பட்டன. உலை எந்தப் பிடிமானமும் இல்லாத நிலைக்குச் சென்றது. விபத்தின் பின்னர் அயோடின்-131 கலந்த பாலைக் குடித்த குழந்தைகளில் ஆயிரக்கணக்கானோருக்குத் தைராய்டு புற்றுநோய் உண்டாயிற்று. பாலைத் தடுத்து, அயோடின் மாத்திரைகளை உரிய நேரத்தில் வழங்கியிருந்தால் அவற்றுள் பெரும்பகுதியைத் தவிர்த்திருக்கலாம்.

2011 மார்ச் 11 அன்று ஃபுகுஷிமாவில் நிலநடுக்கம் உணரப்பட்டவுடனே இயங்கிக்கொண்டிருந்த உலைகள் நின்றுவிட்டன. பிளவு நின்றது, ஆனால் விளைபொருள்களின் சிதைவு நிற்கவில்லை. 3,000 மெகாவாட் வெப்பத்திறன் கொண்ட ஓர் உலையை நிறுத்தினால், நிறுத்திய கணத்தில் ஏறத்தாழ 200 மெகாவாட் வெப்பம் தொடரும்; ஒரு நாள் கழிந்த பின்னும் 15 மெகாவாட் அளவில் இருக்கும். அந்த வெப்பத்தை அகற்ற மின்சாரம் இல்லாமற்போனதால் மூன்று உலைகளின் எரிபொருள் உருகியது. நிறுவனத்தின் இலாபக் கணக்கில் கடலோரத் தடுப்புச்சுவரின் உயரம் செலவாகத் தெரிந்தது; விளைபொருளின் வெப்பக் கணக்கில் அச்சுவர் இன்றியமையாததாக இருந்தது.

கல்பாக்கம் தரும் பாடம்

வெளிநாடுகளை மட்டும் பார்க்க வேண்டியதில்லை. 2003 ஜனவரி 21 அன்று கல்பாக்கம் மறுசுத்திகரிப்பு ஆலையில் ஒரு வால்வு பழுதுபட்டது. பிளவு விளைபொருள்கள் செறிந்த உயர்நிலைக் கதிரியக்கத் திரவம், குறைந்த கதிரியக்கமுள்ள கழிவுக்கான தொட்டிக்குள் புகுந்தது. அதை அறியாமல் மாதிரி எடுக்கச் சென்ற ஊழியர்கள் அறுவர், ஆண்டு வரம்பைப் பன்மடங்கு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளாயினர். அவ்விடத்தில் கதிர்வீச்சைக் காட்டும் கருவி பொருத்தப்பட்டிருக்கவில்லை. எடுத்து வந்த மாதிரியை ஆராய்ந்தபோதுதான் நேர்ந்தது என்ன என்பதே தெரியவந்தது.

தொழிற்சங்கம் பாதுகாப்புக் கோரிக்கைகளை எழுத்து வடிவில் முன்வைத்தது. பின்னர் வேலைநிறுத்தத்திலும் இறங்கியது. செய்தி நாட்டுக்குத் தெரியவந்தது பல மாதங்கள் கழித்தே. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, 2000ஆம் ஆண்டில், பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ஆலைகள் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் மேற்பார்வையிலிருந்து விலக்கப்பட்டிருந்தன. வால்வைப் பற்றி, தொட்டியைப் பற்றி, கருவியைப் பற்றி முதலில் அறிந்தவர்கள் தொழிலாளர்களே. அவர்களுடைய குரலுக்குப் பாதுகாப்புக் குழுவில் இடம் இருப்பது சலுகை அன்று. அதுவே ஆலைக்குக் காப்பு.

கூடங்குளத்தின் குளங்கள்

இனி ஒரு கணக்கு. கூடங்குளத்தின் ஓர் உலை 3,000 மெகாவாட் வெப்பத்திறன் கொண்டது. முழுத் திறனில் 300 நாள் இயங்கினால் 9 இலட்சம் மெகாவாட்-நாள். ஒன்றுக்கு 1.05 கிராம் என்றால், அந்த ஆண்டில் பிறக்கும் விளைபொருள்கள் ஏறத்தாழ 945 கிலோ. நூறு பிளவில் ஆறு சீசியம்-137 ஆக முடிகிறது என்று கொண்டால், அது மட்டும் 33 கிலோ அளவில் இருக்கும். செர்னோபிலில் வெளியேறியதாக மதிப்பிடப்படும் சீசியம்-137 ஏறத்தாழ 27 கிலோ. ஓர் உலையின் ஓராண்டு விளைச்சலைவிட அது குறைவு.

இந்த ஒப்பீடு பீதி ஊட்டுவதற்காகச் சொல்லப்படுவதன்று. செர்னோபிலில் அது காற்றில் கலந்தது. கூடங்குளத்தில் அது வில்லைக்குள், உறைக்குள், குளத்து நீருக்கடியில் பூட்டப்பட்டிருக்கிறது. ஆனால் அந்தப் பூட்டுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நாளும், பல தலைமுறைகளுக்கு, பழுதின்றி இருக்க வேண்டும் என்பதை அந்த 33 கிலோ உணர்த்துகிறது.

1988இல் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி எரிந்த எரிபொருள் சோவியத் நாட்டுக்கே திரும்பிச் செல்ல வேண்டும். சோவியத் ஒன்றியம் சிதைந்த பின் உடன்பாடு மாறியது. எரிபொருள் இந்தியாவிலேயே தங்குவதாயிற்று. இந்த மாற்றத்தைப் பற்றி இடிந்தகரை மீனவர்களிடம் யாரும் கேட்கவில்லை. 2011க்குப் பின் அவர்கள் போராடியபோது ஆயிரக்கணக்கானோர் மீது தேசத்துரோக வழக்குகள் பாய்ந்தன. 2013 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் உலையை இயக்க அனுமதி அளித்தது. அத்தீர்ப்பிலேயே, எரிந்த எரிபொருளை உலைக்கு வெளியே பாதுகாக்கும் கிடங்கை ஐந்து ஆண்டுகளுக்குள் அமைக்கவும், மக்கள் மீதான வழக்குகளைத் திரும்பப் பெற முயலவும் அறிவுறுத்தியது. ஐந்து ஆண்டுகளில் கிடங்கு எழவில்லை, காலக்கெடு நீட்டிக்கப்பட்டது. கிடங்கு குறித்து 2019 ஜூலையில் அறிவிக்கப்பட்ட கருத்துக்கேட்புக் கூட்டம் கடும் எதிர்ப்பினால் ஒத்திவைக்கப்பட்டது.

கணக்கு யாருக்குச் சொந்தம்?

2025ஆம் ஆண்டு வரவு-செலவுத் திட்டத்தில், 2047க்குள் நூறு கிகாவாட் அணுமின்சாரம் என்னும் இலக்கை ஒன்றிய அரசு அறிவித்தது. அவ்வாண்டு டிசம்பரில் நிறைவேற்றப்பட்ட புதிய சட்டம், 1962ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டத்தையும் 2010ஆம் ஆண்டின் விபத்து இழப்பீட்டுச் சட்டத்தையும் நீக்கி, தனியார் நிறுவனங்களுக்கு இத்துறையின் கதவைத் திறந்துவிட்டது.

எரிவை உயர்த்துவதால் வரும் ஆதாயம் உடனடியானது. அது நிறுவனத்தின் காலாண்டு அறிக்கையில் வந்துவிடும். எரிந்த எரிபொருளைக் காக்கும் செலவு முந்நூறு ஆண்டுக்கும் அதற்கு அப்பாலும் நீள்வது. எந்தத் தனியார் நிறுவனமும் அவ்வளவு காலம் உயிரோடிருக்கப் போவதில்லை. அப்போது சுமை அரசின் மீதும், அதாவது மக்களின் மீதும் வந்து விழும். ஆதாயம் தனியாருக்கு, சீசியம் சமூகத்துக்கு என்னும் இந்தப் பங்கீட்டை ஏற்க முடியாது.

எனவே கோரிக்கைகள் தெளிவாக இருக்க வேண்டும். ஒவ்வொரு அணுமின் நிலையமும் ஆண்டுதோறும் வெளியே எடுத்த எரிபொருளின் டன் கணக்கையும், அதன் சராசரி எரிவையும், குளங்களில் சேர்ந்துள்ள மொத்த விளைபொருள்களின் மதிப்பீட்டையும் வெளியிட வேண்டும். இவற்றில் இராணுவ இரகசியம் எதுவும் இல்லாத மின் உலைகளுக்கேனும் இது உடனே சாத்தியம். பல்கலைக்கழகங்கள் அக்கணக்கைத் தனித்துச் சரிபார்க்க உரிமையும் நிதியும் வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர் உள்ளிட்ட அனைவருக்கும் பாதுகாப்புக் குழுக்களில் பிரதிநிதித்துவம் வேண்டும். ஒழுங்குமுறை வாரியம் அரசுக்கும் நிறுவனங்களுக்கும் கட்டுப்படாமல் நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். அவசரகால வழிமுறைகள் தமிழிலும் மலையாளத்திலும், குமரி முதல் திருவனந்தபுரம் வரையுள்ள கடலோரக் குடும்பங்கள் ஒவ்வொன்றுக்கும் சென்று சேர வேண்டும்.

மெகாவாட்-நாளை 1.05 கிராமால் பெருக்கத் தெரிந்த பள்ளி மாணவர்கூட இந்தக் கணக்கின் முதல் வரியைப் போட்டுவிட முடியும். அடுத்த வரிகளைப் போடுவதற்குத் தேவையான எண்கள் ஆலைகளின் கோப்புகளில் உள்ளன. அந்த எண்களைக் கேட்டுப் பெறும் பணியைத் தொழிற்சங்கங்களும் அறிவியல் இயக்கங்களும் மீனவர் அமைப்புகளும் ஒன்றிணைந்து மேற்கொள்ள வேண்டும்.